பூஜைப் பையும் விமானப் பணிப்பெண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழில் வாசகி ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தோம். இந்தியாவில் கோவில் யாத்திரை முடித்து நம் மொரீஷியஸுக்குத் திரும்பிய அவருடைய மாமியார், பூஜைப் பையை மடியில் வைத்திருந்தாராம். விமானம் புறப்படும் நேரத்தில் பணிப்பெண் அதை வாங்கி முன் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டாராம். "சாமி பிரசாதத்தைக் காலடியில் வைக்கச் சொல்கிறவர்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது. அந்தப் பணிப்பெண் செய்ததில் பாதி சரி, பாதி தப்பு. எது எந்தப் பாதி என்று சொல்லத்தான், கேபின் பணியாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கும் நாங்கள் இதை எழுதுகிறோம்.

முதலில் சரியான பாதி. புறப்படும்போதும் இறங்கும்போதும் மடியில் பை இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. இன்றைய பயணிகள் விமானங்களின் சீட்டுகளை, முன்பக்கமாக 16 ஜி விசை தாக்கினால் தாங்குமா என்று சோதிக்கிறார்கள். ஒரு ஜி என்றால் பொருளின் சொந்த எடை. விபூதி, குங்குமம், சின்ன வெண்கலப் பிள்ளையார், பித்தளை விளக்கு எல்லாம் சேர்ந்து 3 கிலோ என்று வையுங்கள். 16 ஜி-யில் அது 48 கிலோவாகக் கனக்கும். அதை மடியில் பிடித்து நிறுத்துவது, வயதான அம்மாவை விடுங்கள், மூட்டை தூக்குகிறவராலும் ஆகாது. அந்தப் பிள்ளையார் முன் வரிசைக்காரரின் பின்மண்டையை நோக்கிப் போவார்.

இன்னொரு காரணமும் உண்டு. அவசரமாக இறங்க நேர்ந்தால் "குனியுங்கள்" என்று பணியாளர்கள் கத்துவார்கள். தலையை முன் சீட்டில் முட்டுக்கொடுத்து உடலை மடக்கிக்கொள்ள வேண்டும். மடியில் பை இருந்தால் மடங்க முடியாது. அதன் வார் காலில் சுற்றிக்கொண்டால் எழுந்து ஓடவும் முடியாது. ஒருவர் தடுக்கி விழுந்தால் அந்த வரிசையே நிற்கும்.

முன் சீட்டுக்கு அடியில் ஏன்? குனிந்து பார்த்தால் தெரியும்: சீட்டின் கால்களுக்கு நடுவே தரையை ஒட்டி ஒரு கம்பி ஓடுகிறது. பை முன்னால் சறுக்கிப் போகாமல் தடுப்பது அதுதான். அதனால்தான் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வைத்தால் "இன்னும் தள்ளுங்கள்" என்கிறார்கள். சுவருக்கு எதிரே இருக்கும் முதல் வரிசையில் அப்படிப்பட்ட கம்பி கிடையாது. எமர்ஜென்சி கதவு வரிசையிலோ தரை காலியாக இருந்தே ஆக வேண்டும். ஆகவே அந்த இரண்டு இடங்களிலும் பை மேலேதான் போக வேண்டும்.

இனி தப்பான பாதி. சாமிப் பொருளைக் காலடியில் வைப்பது நம்மவர்களுக்கு எவ்வளவு உறுத்தும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் இந்தத் தடத்தில் பறக்கும் பணியாளர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்காதது நிறுவனங்களின் குறை. தைப்பூசக் காவடிக்கு அரசே விடுமுறை விடுகிற நாடு இது. ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் அச்சடிக்கிற நாடு. பூஜைப் பையைப் பற்றி இரண்டு வரி பயிற்சியில் சேர்ப்பது பெரிய காரியம் இல்லை. தீர்வு தலைக்கு மேலேயே இருக்கிறது: மேல் லாக்கர். விதிக்கும் அது பொருந்தும், மரியாதைக்கும் பொருந்தும்.

நாங்கள் சொல்லிக் கொடுக்கும் முறை இது. பணிப்பெண் நின்ற இடத்திலிருந்து பேசக் கூடாது. உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்குக் குனிய வேண்டும், அல்லது சீட்டுக்குப் பக்கத்தில் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். குரல் அந்த வரிசையைத் தாண்டக் கூடாது. நம் ஊர் அம்மாவானால் நம் பேச்சுமொழியான கிரியோலில் "தாந்தின்" (அத்தை) என்று கூப்பிடலாம். "மதாம்" என்று தொடங்கினாலே பாதிப் பேருக்கு முகம் இறுகிவிடும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் "அம்மா", "ஐயா". பிறகு ஒரே மூச்சில் மூன்று விஷயம்: அவர் மனதில் இருப்பதைச் சொல்வது, காரணத்தைச் சொல்வது, வழியைச் சொல்வது. "அம்மா, சாமி சாமான் என்று தெரிகிறது. திடீரென்று பிரேக் போட்டால் மடியிலிருந்து பறந்துவிடும். காலடியில் வேண்டாம், மேலே தனியாக வைக்கிறேன், பறக்க ஆரம்பித்ததும் நானே எடுத்துத் தருகிறேன்." சொல்லி முடிக்கப் பத்துப் பன்னிரண்டு விநாடி. அதற்கப்புறம் இரண்டு கையையும் நீட்டிக் காத்திருக்க வேண்டும். பையை அவரேதான் கொடுக்க வேண்டும். பிடுங்கக் கூடாது. அதன்மேல் வேறொருவர் பெட்டியைத் திணிக்கக் கூடாது. எடுத்துத் தருகிறேன் என்று சொன்னதை மறக்கவும் கூடாது. மறந்தால், அடுத்த முறை இன்னொரு பணிப்பெண் சொல்வதை அந்த அம்மா நம்பமாட்டார்.

பெரும்பாலான சண்டைகள் விதியைப் பற்றியவையே அல்ல. நாலு பேர் முன்னால் சின்னப் பிள்ளையைப் போல அதட்டிவிட்டார்களே என்கிற மானப் பிரச்சினைதான். "அமைதியாக இருங்கள்" என்று சொன்னதும் எவருக்காவது கோபம் தணிந்து நாங்கள் பார்த்ததில்லை. "இது ரூல்" என்ற பதிலும் அப்படித்தான். மூன்று பணியாளர்கள் ஒரே நேரத்தில் சூழ்ந்து நிற்பது அதைவிட மோசம். பேச வேண்டியவர் ஒருவர்தான். இன்னொருவர் இரண்டு வரிசை தள்ளி நின்று கவனிக்க வேண்டும். பேசுகிறவர் மேல் பயணிக்கு வெறுப்பு வந்துவிட்டால் இருவரும் இடம் மாற வேண்டும். புதிய முகத்திடம் இறங்கி வருவது பலருக்கு எளிது.

எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "போன தடவை விட்டார்களே!" இது உண்மையாகவே இருக்கும். போன தடவை வந்தவர் பார்த்தும் பார்க்காததுபோலப் போயிருப்பார். அன்று அவர் மிச்சம் பிடித்த ஒரு நிமிடத்துக்கு இன்று இன்னொருத்தி திட்டு வாங்குகிறாள். பயணிகளிடம் சொல்வதற்கு முன் எங்கள் ஆட்களிடம் நாங்கள் சொல்வது இதைத்தான்.

பூஜைப் பையைப் பற்றிப் பேசும்போதே அதற்குள் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். கற்பூரம் விமானத்தில் கூடவே கூடாது. கைப்பையிலும் கூடாது, சரக்கில் போடும் பெட்டியிலும் கூடாது. ஐ.நா. ஆபத்துப் பொருள் பட்டியலில் அது எண் 2717, எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். கொப்பரைத் தேங்காய் எண் 1363, தானாகவே சூடேறக்கூடிய பொருள். மத்தாப்பு வெடிமருந்துக் கணக்கில் வரும். நல்லெண்ணெயும் நெய்யும் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் இருந்தால் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள். கற்பூரம் போர்ட் லூயிஸிலேயே கிடைக்கிறது. பழனியில் வாங்கியதுதான் வேண்டும் என்றால் அங்கேயே சாமிக்கு ஏற்றிவிட்டு வாருங்கள்.

பறக்கும்போது தீ என்றால் என்ன என்று இந்தத் தீவுக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1987 நவம்பர் 28 அன்று தைபேயிலிருந்து நம் பிளெஸான்ஸ் விமான நிலையம் நோக்கி வந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்க விமானமான 'ஹெல்டர்பெர்க்', மேல்தளச் சரக்குப் பகுதியில் தீப்பிடித்து, நமக்கு வடகிழக்கே கடலில் விழுந்தது. 159 பேரும் போனார்கள். சரக்கில் எது முதலில் பற்றியது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

இப்போது நெருப்புக் கவலை பவர் பேங்க் பக்கம் நகர்ந்திருக்கிறது. அது கைப்பையில் மட்டுமே வர வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு) வரை தனி அனுமதி வேண்டாம். 100 முதல் 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. கணக்கு சுலபம்: மில்லி ஆம்பியர்-மணியை 1000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள். 20,000 என்று போட்டிருந்தால் 74 வாட்-மணி, பரவாயில்லை. 30,000 என்றால் 111, அனுமதி கேட்க வேண்டும். சில நிறுவனங்கள் இதைவிடக் கடுமை: 2025 அக்டோபர் 1 முதல் எமிரேட்ஸ் விமானங்களில் பவர் பேங்க் ஒன்றுக்கு மேல் கொண்டுபோக முடியாது, அதையும் விமானத்துக்குள் பயன்படுத்த முடியாது. துபாய் வழியாக இந்தியா போகிறவர்கள் கவனிக்கவும்.

போன் சீட்டின் இடுக்கில் விழுந்துவிட்டால் சீட்டை அசைக்காதீர்கள். முன்னும் பின்னும் சாய்த்துத் தேடுவதுதான் எல்லாரும் செய்வது. சீட்டின் இயந்திரம் போனைக் கவ்வி பேட்டரியை நசுக்கினால் உள்ளே சூடு ஏறிப் புகை வரும். எழுந்து தள்ளி நின்று பணியாளரைக் கூப்பிடுங்கள். பேட்டரி எரிந்தால் அவர்கள் முதலில் அணைப்பானால் தீச்சுவாலையை அடக்கி, பிறகு தண்ணீரையோ குளிர்பானத்தையோ ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். தீ அணைந்த பிறகும் ஊற்றுவதற்குக் காரணம், பக்கத்து செல் சூடாகி மறுபடி பற்றும் என்பதே. ஐஸ் போடக் கூடாது. அது சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கும்.

வாசகியின் கடிதத்தில் வேறு இரண்டு மனக்குறைகளும் இருந்தன. நடக்கச் சிரமப்படும் மாமியாரைக் கழிவறைக்கு வசதியான ஓரச் சீட்டிலிருந்து எழுப்பி ஜன்னல் பக்கம் உட்கார வைத்தது ஒன்று. அவசரத்தில் அவரால் உடனே எழ முடியாது. அவர் ஓரத்தில் இருந்தால் உள்ளே இருக்கும் இருவரும் அவரைத் தாண்டித்தான் ஏற வேண்டும், அவர்தான் மிதிபடுவார். கேட்கக் கசப்பாக இருந்தாலும் அது அவரையும் சேர்த்துக் காப்பாற்றும் ஏற்பாடு. பறக்கும் நேரத்தில் கழிவறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகும்படி பணியாளரைக் கேட்கலாம்.

மற்றொன்று, கைக்குழந்தையோடு வந்த இரண்டு சகோதரிகளைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார விடாதது. இதற்குக் காரணம் தலைக்கு மேல் இருக்கும் ஆக்சிஜன் மாஸ்க். மூன்று சீட்டுக்கு மேலே வழக்கமாக நாலு மாஸ்க் இருக்கும், அதாவது ஒன்று கூடுதல். மூன்று பெரியவர்கள், ஒரு குழந்தை: சரி. இரண்டு குழந்தைகள் வந்தால் ஐந்து மூக்கு, நாலு மாஸ்க். 35,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் போய்விட்டால் சுயநினைவோடு கையைக் காலை இயக்கக் கிடைப்பது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரைதான். அந்த நேரத்தில் பக்கத்து வரிசையில் மாஸ்க் தேட முடியாது. இதை அந்தச் சகோதரிகளிடம் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் அவர்களே எழுந்து போயிருப்பார்கள். "மாற வேண்டும், ப்ளீஸ்" என்று மட்டும் சொன்னால் ஏன் மாறுவார்கள்?

மற்றவற்றைச் சுருக்கமாக. ஜன்னல் திரையைத் திறக்கச் சொல்வது வெளியே எந்தப் பக்கம் தீ என்று பார்ப்பதற்கும், கண் வெளிச்சத்துக்குப் பழகியிருப்பதற்கும். சீட்டை நிமிர்த்துவது பின்னால் இருப்பவர் குனியவும் வெளியேறவும். போர்வை போர்த்தினால் பெல்ட்டை அதற்கு மேலே போடுங்கள், தூங்கும்போது எழுப்பமாட்டார்கள். புடவை முந்தானையும் அப்படித்தான், பக்கிள் கண்ணில் பட வேண்டும். பெல்ட் வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் படிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே. குழந்தைக்குத் தனி வளையப் பெல்ட் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டினால், வேகமாக நிற்கும்போது உங்கள் எடை முழுவதும் குழந்தையை அழுத்தும்.

பெல்ட் விளக்கு அணைந்த பிறகும் கட்டியே இருங்கள். 2024 மே 21 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று பர்மாவின் ஐராவதி சமவெளிக்கு மேலே 37,000 அடியில் போகும்போது சில விநாடிகள் தூக்கிப் போட்டது. பெல்ட் கட்டாதவர்கள் கூரையில் மோதினார்கள். ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். நம் கடல் பக்கத்திலும் நவம்பர் முதல் மே வரை புயல் காலம். கேப்டன் பணியாளர்களையே உட்காரச் சொன்ன நேரத்தில் பட்டனை அழுத்தித் தண்ணீர் கேட்டு, வரவில்லை என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் எழுந்து வந்தால்தான் தப்பு.

லைஃப் ஜாக்கெட்டை விமானத்துக்குள் ஊதக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார்கள். யாரும் கேட்பதில்லை. 1996 நவம்பர் 23 அன்று கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் எரிபொருள் தீர்ந்து, நமக்கு வடமேற்கே கொமோரோ தீவுக் கரையோரம் கடலில் இறங்கியது. 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். பலர் உள்ளேயே ஜாக்கெட்டை ஊதிவிட்டார்கள். தண்ணீர் ஏற ஏற, ஊதிய ஜாக்கெட் அவர்களைக் கூரையோடு அழுத்தியது. மூழ்கிக் கதவைத் தாண்ட முடியவில்லை. கதவு வாசலில் நின்றுதான் ஜாக்கெட்டின் சிவப்புப் பிடியை இழுக்க வேண்டும்.

வெளியேறும்போது பையை எடுக்காதீர்கள் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு புதிய ரக விமானத்துக்குச் சான்றிதழ் தர, பாதிக் கதவுகளை மட்டும் திறந்து எல்லாரும் 90 விநாடியில் வெளியேற முடியும் என்று காட்ட வேண்டும். அந்த 90 விநாடிக் கணக்கில் பெட்டி எடுக்கும் நேரம் கிடையாது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் தீப்பிடித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் 379 பேர். எட்டுக் கதவில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது, ஒலிபெருக்கி அமைப்பும் வேலை செய்யவில்லை. பணியாளர்கள் தொண்டையாலும் மெகாபோனாலும் கத்தினார்கள், பயணிகள் பையை விட்டுவிட்டு இறங்கினார்கள், அத்தனை பேரும் பிழைத்தார்கள். பாஸ்போர்ட், மாத்திரை, தாலிக்கொடி, இவற்றைச் சட்டைப்பையிலோ இடுப்புப் பையிலோ உடம்போடு வைத்துக்கொண்டால் பெட்டியைத் தேட வேண்டியிருக்காது.

சொல்லிப் பார்த்தும் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். பயணியின் நடத்தையை நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். வாய்ச்சண்டையும் சொல் கேளாமையும் முதல் படி. தள்ளுவது, அடிப்பது இரண்டாவது. உயிருக்கு ஆபத்து மூன்றாவது. விமானி அறைக்குள் புக முயல்வது நாலாவது. முதல் படியில் வாய்மொழியாகச் சொல்வார்கள், பிறகு கேப்டனுக்குத் தெரிவித்து எழுத்தில் எச்சரிக்கை தருவார்கள். தரையில் இருக்கும்போதே முரண்டு பிடித்தால் விமானத்தை நிறுத்துமிடத்துக்குத் திருப்பி இறக்கிவிடலாம். மேலே போன பிறகு கை நீட்டினால் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவைக்கவும், வழியில் இறக்கிப் போலீசிடம் ஒப்படைக்கவும் 1963 டோக்கியோ ஒப்பந்தம் கேப்டனுக்கு அதிகாரம் தருகிறது. உதவி செய்யும்படி கேப்டன் மற்ற பயணிகளைக் கேட்டுக்கொள்ளலாம், கட்டாயப்படுத்த முடியாது. இப்படிப்பட்ட சம்பவங்கள் கூடிக்கொண்டு போகின்றன: சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்கில் 2022-இல் 568 பயணங்களுக்கு ஒன்று, 2023-இல் 480-க்கு ஒன்று. குடித்துவிட்டு ஏறுகிறவர்களைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். இங்கே ஒன்று மட்டும்: டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலை விமானத்துக்குள் திறக்கக் கூடாது. திறந்தால் பணியாளர் வாங்கிவைத்து இறங்கும்போது தருவார்.

ரொத்ரீக் தீவுக்குப் போகும் சிறிய ஏ.டி.ஆர். விமானத்தில் "முன்னால் காலியாக இருக்கிறதே" என்று இடம் மாறி உட்காருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எழுபது பேர் அளவிலான விமானத்தில் நாலைந்து பேர் பின்னாலிருந்து முன்னால் வந்தாலே எடை நிலைப்புள்ளி (விமானத்தின் எடை சமன்படும் இடம்) நகரும். விமானி கணக்கிட்டது நீங்கள் முதலில் உட்கார்ந்த சீட்டை வைத்து. புறப்பட்ட பிறகு கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள்.

யாத்திரைக் குழு நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னையில் பெட்டி கட்டும் இரவே ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய துணிப்பை கொடுத்து, விபூதி, குங்குமம், பிரசாதம், படம் ஆகியவற்றை அதில் தனியாக வைக்கச் சொல்லுங்கள். வாய் நாடாவால் கட்டுகிற பையாக இருக்கட்டும், தோளில் மாட்டும் நீள வார் வேண்டாம். பித்தளையும் வெண்கலமும் சரக்குப் பெட்டிக்குள் போகட்டும், கற்பூரம் கோவிலிலேயே தீரட்டும். ஏறியதும், பணிப்பெண் வந்து கேட்பதற்கு முன்பே, குழுத் தலைவரே ஒரு லாக்கரை அவரிடம் கேட்டு வாங்கி எல்லாப் பூஜைப் பைகளையும் அதில் அடுக்கிவிடலாம். அதற்கு மேல் பெட்டி வைக்கவேண்டாம் என்று அவரிடமே சொல்லிவையுங்கள்.

வாசகியின் மாமியார் மனம் நொந்ததற்கு, அந்தப் பணிப்பெண்ணின் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். பையை வாங்கியதற்காக அல்ல, வாங்கிய விதத்துக்காக.

இப்படிக்கு,
கேபின் பாதுகாப்புப் பயிற்சியாளர்கள் சிலர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்.